அங்கமுத்து மற்றும் பலர்

கெமிஸ்ட்ரி லேப்பில் கண்டுபிடிக்கிறது ஒருத்தர், கழுவுறது ஒருத்தர். பேர் முதல் ஆளுக்குப் போகும், கை வெடிப்பு ரெண்டாவது ஆளுக்கு வரும். நான் ரெண்டாவது ஆள். உங்கள் ஆபீசிலோ கடையிலோ நீங்களும் அந்த ரெண்டாவது ஆளாக இருந்தால் மேலே படிங்க. முதல் ஆளாக இருந்தால் இது உங்களுக்குப் பிடிக்காது, இப்பவே சொல்லிவிட்டேன்.

என் பேர் வினோதினி. ஊர் அரும்பாவூர். பிளஸ் டூவில் மத்த எல்லாத்திலும் பாஸ், கெமிஸ்ட்ரியில் மட்டும் ஃபெயில். திரும்ப எழுதச் சொன்னார்கள், எனக்குப் பொறுமை இல்லை. பெரம்பலூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். எந்த லேப் என்று கேட்காமலே தலையாட்டிவிட்டேன். கதவைத் திறந்தால் கெமிஸ்ட்ரி.

மூணு வாரம்

லேப்பில் என்னையும் சேர்த்து மூணே பேர். இளவழகன் சார், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புரொஃபசர். மருந்துக்கு ஆகுமா என்று புதுசு புதுசாகப் பொருள் செய்து பார்க்கிறவர். அவரிடம் பிஎச்டி பண்ணுகிற பவித்ரா அக்கா. ஊர் ஜெயங்கொண்டம், காலேஜ் ஹாஸ்டலிலேயே இருக்கிறார். அப்புறம் நான். அக்காவுடைய வெள்ளைக் கோட்டில் நீல நூலில் அவர் பேர் தைத்திருக்கும். எனக்கும் ஒரு கோட்டு கொடுத்தார்கள், முன்னாடி வேலையை விட்டுப் போன ஆளுடையது. அதில் ‘குமரேசன்’ என்று இருந்தது. அன்றைக்கே அக்காவைப் பார்த்து வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

சேர்ந்த முதல் வாரம், மேசைமேல் ஒரு காலி ஃபிளாஸ்க் இருந்தது. உள்ளே ஒண்ணும் இல்லை. அடியில் சுவரோடு சுவராக லேசான மஞ்சள், நெய் தடவின மாதிரி. நான் நல்ல பிள்ளையாக அசிட்டோன் ஊற்றி, சோப்புப் போட்டு, பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அக்கா வந்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு சுத்தம் என்று பாராட்டப் போகிறார் என்று நின்றேன். அந்த மஞ்சள்தான் பொருளாம். அவ்வளவுதான் கிடைக்குமாம். அக்கா கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. ஃபிளாஸ்க்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ கழுவுனது ஃபிளாஸ்க் இல்லடி. என்னோட மூணு வாரம்.”

காலையில் முதல் வேலை

சார் காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறப்பார். டீ ஆறிக்கொண்டிருக்கும். முதலில் தன்னுடைய எண்ணைப் பார்ப்பார். அப்புறம் அரியலூர் காலேஜில் இருக்கிற வரதராஜன் சாருடைய எண்ணைப் பார்ப்பார். ரெண்டு பேரும் ஒண்ணாகப் படித்தவர்கள், ஒண்ணாகப் பிஎச்டி முடித்தவர்கள். அவர் எண் ஏறியிருந்தால் அன்றைக்கு லேப்பில் யாரும் தும்மக்கூட முடியாது.

அது என்ன எண் என்று அக்காவிடம் கேட்டேன். சைட்டேஷனாம். சார் எழுதின கட்டுரையைப் படித்துவிட்டு, வேற ஒரு ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் ‘இதை இன்னார் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்’ என்று பேரைக் குறிப்பிட்டு எழுதினால் அது ஒண்ணு. அப்படி எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் ஆளுடைய மதிப்பு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்கூலில் என்கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷர்மிளா இதே காலேஜில் பிஎஸ்சி படிக்கிறாள். அவள் காலையில் ஐடி கார்டை ஆட்டிக்கொண்டு போவதை நான் தினமும் லேப் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சார் கம்ப்யூட்டரில் பார்க்கிறார், நான் ஜன்னலில் பார்க்கிறேன், ரெண்டுக்கும் எரிச்சல் ஒண்ணுதான்.

ஒருநாள் சார் முகம் ரொம்ப வாடியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. “சார், நம்ம பேப்பரு தப்புன்னு எழுதினாலும் அந்த நம்பரு ஏறுமா?” என்று கேட்டேன். “ஏறும்மா. திட்டினாலும் ஒண்ணுதான், பாராட்டினாலும் ஒண்ணுதான்.” “அப்ப பெருசா ஒரு தப்புப் பேப்பர் போட்டுட்டா, ஊரே திட்டும். வரதராஜன் சாரைத் தாண்டிடலாமே சார்?” சார் கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவரு அந்த வழியிலதாம்மா முன்னாடி போயிட்டிருக்காரு.”

சார் பேரில் யாரும் இல்லை

அரும்பாவூர் பஸ்ஸில் சீட் கிடைத்த ஒரு சாயங்காலம், போனில் சார் பேரைப் போட்டுத் தேடினேன். இளவழகன், கெமிஸ்ட்ரி. பழைய பைக் விற்கிற ஒரு இளவழகன் வந்தார், கல்யாண மண்டபம் வைத்திருக்கிற ஒரு இளவழகன் வந்தார். நம்ம சார் வரவே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணுகூட இல்லை. எனக்கு இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாள் காலையிலேயே கேட்டுவிட்டேன். “சார், உங்க பேர்ல ஒண்ணுமே இல்லியே. நம்பரு நம்பருன்னு சும்மாவா சொல்றீங்க?” அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சார் கோபப்படவில்லை. வா என்று கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். ஜப்பானில் ஒருத்தர், ஜெர்மனியில் ஒருத்தர், ஊர் பேர் வாயில் நுழையாத இடத்தில் ஒருத்தர், எல்லாரும் எழுதியிருந்தார்கள்: ‘அங்கமுத்து மற்றும் பலர்’. ‘அங்கமுத்து முறைப்படி’. ‘அங்கமுத்து குழுவினர் காட்டியபடி’. யார் இந்த அங்கமுத்து என்றேன். சாருடைய அப்பாவாம்.

நமக்கு அப்பா பேர் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அ. இளவழகன், அவ்வளவுதான். வெளிநாட்டில் குடும்பப் பேர் என்று ஒண்ணு கடைசியில் வரும், அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆளைக் குறிப்பிடுவார்கள். சார் முதல் கட்டுரை அனுப்பினபோது கடைசிப் பேர் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. இன்னும் என்ன பேர் இருக்கிறது நமக்கு? அப்பா பேரை முழுசாக எழுதிவிட்டார், தன் பேர் அங்கே வெறும் ஒரு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. வரதராஜன் சார் விவரமானவர், தன் பேரையே கடைசிப் பேராகப் போட்டுக்கொண்டார். “இப்ப மாத்திக்கங்களேன் சார்” என்றேன். மாற்றினால் இதுவரைக்கும் வந்தது ஒரு ஆளுக்கு, இனிமேல் வருவது இன்னொரு ஆளுக்கு என்று ரெண்டாகப் பிரிந்துவிடுமாம். அரியலூர் ஆளைத் தாண்டவே முடியாதாம். சார் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். “இருபது வருஷமா எங்கப்பாவுக்கு வேல பாத்துக்கிட்டு இருக்கேம்மா.”

அங்கமுத்து வந்தார்

அந்த உலகப் புகழ் பெற்ற அங்கமுத்து ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். ஆலத்தியூரிலிருந்து பெரம்பலூருக்குக் கண் டாக்டரைப் பார்க்க வந்தவர், அப்படியே மகனுக்கு ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று லேப்புக்கு வந்தார். சிமென்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற குழியில் வேலை பார்த்து ஓய்வானவர். சொட்டு மருந்து போட்ட கண்ணை இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பவித்ரா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. போனைக் காட்டி, “தாத்தா, ஜப்பான்ல உங்க பேரச் சொல்லி எழுதியிருக்காங்க” என்றார்.

“என்னான்னு பாப்பா எழுதியிருக்கான்?”

“அங்கமுத்து செஞ்ச மாதிரியே நாங்களும் செஞ்சோம், சரியா வந்துச்சுன்னு.”

“நான் என்னா செஞ்சேன்?”

“கார்பனையும் நைட்ரஜனையும் ஒட்ட வச்சிருக்கீங்க.”

பெரியவர் தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். “குழியில அத்தன வருசம் இருந்தேன். சூப்பர்வைசரு ஒருநாளு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. மம்புட்டி புடிச்சா ‘ஏய் மம்புட்டி’ம்பான், கடப்பாறை புடிச்சா ‘ஏய் கடப்பாறை’ம்பான். ஜப்பான்காரன் முழுப் பேரும் சொல்றானா?”

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த லேப்பில் ஒரு டெஸ்ட் டியூபைக்கூடத் தொடாத மனுஷனுக்கு நூறு நூறாகப் பேர், தினமும் கை வெந்து கழுவுகிற எனக்குக் ‘குமரேசன்’ கோட்டு. சாருக்கும் அதே நினைப்புதான் போல. “எல்லாம் உங்களுக்குத்தாம்ப்பா. எம்பேரு எங்கயும் இல்ல” என்று வெங்காயப் பையை வெடுக்கென்று வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். பெரியவர் அசரவில்லை. “ஒனக்கும் பேரு வேணும்னா ஒம்மவன ஒழுங்கா படிக்க வையி, தம்பி.”

சோம்பேறித்தனம்

அக்காவுடைய பிஎச்டி ஒரு பொருளில் மாட்டிக்கொண்டு நின்றது. செய்துவிட்டார், ஆனால் உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குக் கற்கண்டு மாதிரி அது நல்ல படிகமாக வர வேண்டும். ஒன்றரை வருஷமாக அக்கா சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒண்ணு பொடியாகும், ஒண்ணு எண்ணெயாகும், ஒண்ணு அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும்.

பொங்கல் லீவுக்கு முதல் நாள். அந்தப் பொருள் மிச்சம் மீதி கரைந்திருந்த ஒரு ஃபிளாஸ்க்கை என்னிடம் நீட்டி, “வேஸ்ட்டு. கழுவிடு” என்று சொல்லிவிட்டு அக்கா ஜெயங்கொண்டம் கிளம்பிவிட்டார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. லீவு நாள் கூட்டம், விட்டால் அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஃபிளாஸ்க் வாயில் பஞ்சை அடைத்து, ஜன்னல் ஓரம் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடினேன். லீவு முடிந்து வந்தும் மறந்தே போனேன். ஒரு வாரம் கழித்து சார்தான் எதையோ தேடும்போது அதை எடுத்தார். யாரும் தொடாமல் மெதுவாகக் காய்ந்ததில், அடியில் ஊசி ஊசியாக, வெயில் பட்டுப் பளிச்சென்று, அரிசி நீளத்தில் படிகம்.

“இத யாரு இங்க வச்சது?” என்றார் சார். வேலை போச்சு என்று நினைத்தேன். “நான்தான் சார். கழுவல. சோம்பேறித்தனம்” என்றேன். சார் ஃபிளாஸ்க்கை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்தச் சோம்பேறித்தனம் வராமதாம்மா ஒன்றரை வருஷம் கெட்டுப்போச்சு.”

மெஷினுக்கு நன்றி

படிகம் வெளியூருக்குப் போய், படம் எடுத்து, விடையோடு வந்தது. கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: அதில் என் பேர் வருமா, வராதா. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே தின்றேன். ஆனால் பிரிண்டர் பக்கம் சத்தம் கேட்டால் காது நிமிர்ந்துவிடும்.

ஒருநாள் பிரிண்டரில் அந்தக் கட்டுரை கிடந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நன்றி என்று ஒரு பத்தி. காலேஜ் நிர்வாகத்துக்கு நன்றி. பிரின்சிபாலுக்கு நன்றி. படம் எடுத்தவருக்கு நன்றி. படம் எடுத்த மெஷினுடைய கம்பெனிப் பேரும் மாடல் நம்பரும் மேலே விலாவாரியாக இருந்தது. என் பேர் இல்லை. தாளோடு நேராக சாரிடம் போனேன். “மெஷினுக்கெல்லாம் பேரு போட்டிருக்கீங்க. நான் என்ன சார், மெஷினவிட மட்டமா?”

“கழுவாததுக்கெல்லாம் நன்றி சொன்னா ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் சொல்லணும்டி” என்றார் அக்கா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான். சார் என் கையிலிருந்து தாளை வாங்கினார். பேனாவை எடுத்து, ‘படிகம் உருவான குடுவையைப் பாதுகாத்த’ என்று இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். “பாதுகாக்கல சார், கழுவல” என்றேன். “அத அப்படியே போட முடியாதும்மா. ஒன் இனிஷியல் சொல்லு, அப்பா பேரு என்ன?” இனிஷியலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்க அப்பா சிமென்ட் லாரி ஓட்டுகிறார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கேட்டேன்: “நான் கழுவாம வுட்டப்ப எங்கப்பா பாலக்காட்டுல லோடு எறக்கிக்கிட்டு இருந்தாரு சார். அவருக்கு எதுக்கு இதுல பேரு?” அக்காதான் அலுத்துக்கொண்டு முடித்து வைத்தார்: “வெறும் வினோதினின்னே போட்டு வுடுங்க சார். ஏதோ சாமி பேருன்னு நெனச்சுக்கட்டும்.”

முதல் ஆள்

கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பத்தியில் ‘வினோதினி’ இருந்தது. நான் அதை போட்டோ எடுத்து, பெரிசாக்கி, எங்க தெருவில் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் காட்டினேன், படிக்கத் தெரியாத சிலருக்கும் காட்டினேன். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் காத்திருந்தது வேறு. முதல் சைட்டேஷனுக்கு. அது வந்தால் தைவானில் ஒரு லேப்புக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். அதற்காகப் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்திருந்தார். அந்த நீல அட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு மாசம் கழித்து வந்தது. போலந்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அக்கா நின்றபடியே திறந்து படித்தார். ‘ராஜேந்திரன் மற்றும் பலர் முதன்முதலில் காட்டியபடி’ என்று இருந்தது. ராஜேந்திரன், அக்காவுடைய அப்பா. தைவான்காரர்களுக்குப் பேர் ஒத்துப்போக வேண்டும் என்று, கட்டுரைக்கான படிவத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே நிரப்பியிருக்கிறார். பேர் பவித்ரா, கடைசிப் பேர் ராஜேந்திரன். சார் கதையைத் தினமும் கேட்டுக்கொண்டே, அதே கட்டத்தில் அதே மாதிரி விழுந்திருக்கிறார். பிஎஸ்சியோடு போதும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று ஒத்தைக் காலில் நின்றவர் அந்த ராஜேந்திரன். அக்கா அவரோடு சண்டை போட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்து அவர் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது: “ஏம்மா, எம்பேரு போலந்துல வந்திருக்காமே?”

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அக்கா போனை வைத்துவிட்டு எங்க கட்டுரையை எடுத்தார். முதல் பக்கத்தில் தன் பேரையும் சார் பேரையும் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பேர்மேல் விரலை வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: “மூணு பேரு வேல செஞ்ச பேப்பர்டி இது. நானும் சாரும் எங்கப்பாங்க பேர்ல போயிட்டோம். சொந்தப் பேர்ல நிக்கிறவ நீ ஒருத்திதான். பாக்கப் பாக்க வயிறு எரியுதுடி.”

அந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் காய்ந்து கிடந்தேன். ஆனால் நன்றிப் பத்தியில் வருகிற பேருக்குச் சைட்டேஷன் கிடையாது, அதை எந்த நாட்டிலும் யாரும் எடுத்துச் சொல்லப்போவதில்லை என்று அதே சாயங்காலம் சார் சொல்லித் தெரிந்தது.

பேர் வந்துவிட்டால் பொறாமை அடங்கிவிடும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இன்னும் பேர் வரவில்லை என்று அர்த்தம்.